டேப்பின் மறுமுனை

பழைய சந்தைத் தெரு
12 ஜனவரி 2025

அன்புள்ள எழில்,

ஜீனத் எழுதுகிறேன். உன் வீட்டு மண்டபத்தின் சீரியல் விளக்கு என் மொட்டை மாடிக்குத் தெரிகிறது. இவ்வளவு பக்கத்தில் இருந்துகொண்டு கடிதம் எழுதுகிறாளே என்று சிரிக்காதே. உன் நம்பருக்கு எத்தனையோ முறை கூப்பிட்டுவிட்டேன். ஒவ்வொரு முறையும் உன் வீட்டுக்காரர் பரந்தாமன் அண்ணன்தான் எடுக்கிறார். "சொல்லுங்க, கவுன்சிலர்தான் பேசுறேன்" என்கிறார். எனக்கு வேறு வழி தெரியாமல், "ஒண்ணுமில்லண்ணே, பொங்கலுக்கு வாழ்த்து சொல்லலாம்னு" என்று சொல்லி வைத்துவிடுகிறேன். இந்த வருஷம் என் அளவுக்கு உங்கள் வீட்டுக்குப் பொங்கல் வாழ்த்து சொன்னவர்கள் யாரும் இருக்க மாட்டார்கள்.

வாட்ஸ்அப்பில் போட்டாலும் அவர்தான் படிப்பார். அதனால்தான் பேபியிடம் கொடுத்து அனுப்புகிறேன். காலையில் உன் வீட்டில் பாத்திரம் தேய்த்துவிட்டு மத்தியானம் என் வீட்டுக்கு வருகிறவள்தானே. "இன்னாக்கா, கூப்டா கேக்குற தூரம். நான் இன்னா தபால்காரம்மாவா?" என்று கேட்டுவிட்டுத்தான் இடுப்பில் செருகிக்கொண்டாள்.

சைமாவுக்கு மறுபடியும் மஞ்சள் காமாலை. இது இரண்டாவது தடவை. மார்ச்சில் என் பிள்ளைக்குப் பிளஸ் டூ பரீட்சை. அவளோ புத்தகத்தைத் திறந்தாலே வாந்தி வருகிறது என்கிறாள். டாக்டர், "என்ன தண்ணி குடிக்கிறீங்க?" என்று கேட்டார். குடிப்பது கேன் தண்ணீர்தான். ஆனால் பல் துலக்க, பாத்திரம் கழுவ, அரிசி களைய எல்லாம் போர் தண்ணீர். எங்கள் போருக்கும் பக்கத்து வீட்டு செப்டிக் டேங்குக்கும் நடுவில் ஒரு சைக்கிள் நிறுத்தலாம், அவ்வளவுதான் இடைவெளி. தெருவில் எல்லா வீடும் அப்படித்தான். யார் மேல் குறை சொல்ல?

நான் எழுதவந்தது இதற்காகத்தான். பாதாளச் சாக்கடை பெரிய ரோடு வரைக்கும் வந்து நின்றுபோனது உனக்குத் தெரியும். மீதி வேலைக்கு அரசாங்கம் பெரும்பங்கு தரத் தயாராக இருக்கிறதாம். ஆனால் ஒரு நிபந்தனை: நகராட்சி தன் பங்குக்கு வரி வருமானத்தைக் கூட்டிக் காட்ட வேண்டும். பெரிய கட்டடங்களை மார்ச் முடிவதற்குள் ஒழுங்காக அளந்து வரி போட வேண்டும். இல்லையென்றால் அந்தப் பணம் வேறு ஊருக்குப் போய்விடும். எங்கள் ஆடிட்டர் ஆபீசுக்கு வந்த காண்ட்ராக்டர் ஒருவர் பேச்சுவாக்கில் சொன்னார். அன்றிலிருந்து எனக்கு உட்கார இருப்புக் கொள்ளவில்லை.

பெரிய கட்டடம் என்றால் என்ன, நம் ரோட்டில் வரிசையாக நிற்கும் பதினோரு கல்யாண மண்டபங்கள்தான். ஒன்று சேர்மன் தம்பியுடையது. ஒன்று எதிர்க்கட்சிக்காரருடையது. கொடிதான் வேறு வேறு. அதில் ஒன்று உங்களுடையது. இதை எழுதும்போது கை கூசுகிறது, எழுதாமலும் இருக்க முடியவில்லை.

நாங்கள் மாடியில் ஒரு அறை கட்டினோமே, அதை அளக்க பில் கலெக்டர் மதுரைவீரன் வந்தார். தனியாக வந்தார். டேப்பின் ஒரு முனையை என் கையில் கொடுத்து, "அந்தச் சுவத்தாண்ட போய் புடிங்க மேடம். எனக்கு ஆள் கெடையாது" என்றார். நான் சுவரோடு ஒட்டிப் பிடித்தேன். என் வீட்டுக்காரர் அமீருதீன் வாசற்படியில் நின்று, "கொஞ்சம் இப்பால வந்து புடி ஜீனத்" என்று கண் ஜாடை காட்டினார். நான் நகரவில்லை. அன்று முழுக்க என்னோடு அவர் பேசவில்லை. ஒற்றை அறைக்கே இது நடக்கிறதென்றால், மண்டபத்தில் அந்த மறுமுனையை யார் பிடிக்கிறார்கள் என்று அன்றிலிருந்தே யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

நீ நகராட்சி மன்றத்தில் உறுப்பினர். நீ கேட்டால் கூட்டக் குறிப்பில் ஏறும். மண்டபங்களை அளக்கச் சொல்லிக் கேள், எழில். தேர்தலின்போது எங்கள் தெருவில் உனக்காக நான் வீடு வீடாக ஏறி இறங்கினேன். அதைச் சொல்லிக்காட்டுவதற்காக எழுதவில்லை. இல்லை, சொல்லிக்காட்டத்தான் எழுதுகிறேன்.

உன்
ஜீனத்


வேம்புலி மஹால் பின்புறம்
20 ஜனவரி 2025

ஜீனத்துக்கு,

எழில் எழுதுவது. பொங்கல் சலசலப்பில் உடனே எழுத முடியவில்லை, கோபித்துக்கொள்ளாதே. சைமா கஞ்சியாவது குடிக்கிறாளா? கீழாநெல்லி பறித்து பேபியிடம் கொடுத்திருக்கிறேன். டாக்டர் மருந்தை நிறுத்திவிடாதே, இது கூடத்தான்.

போனைப் பற்றி எழுதியிருந்தாய். படித்துவிட்டுச் சிரித்தேன், அப்புறம் இன்னொரு தடவை படித்தேன். ஜெயித்த மறுநாளே, "நாலு பேர் கண்டதையும் பேசுவான், உனக்கு எதுக்கு?" என்று இவர் வாங்கி வைத்துக்கொண்டார். என் பெயரில் அச்சடித்த லெட்டர் பேடும் இவர் மேசையில்தான் இருக்கிறது. காலையில் விடிந்ததும் ஜனம் வாசலுக்கு வந்துவிடும். எல்லோரும் இவரைத்தான் கவுன்சிலர் என்கிறார்கள். என்னை "கவுன்சிலர் ஊட்டம்மா" என்கிறார்கள். நான் காபி கொடுப்பேன், கையெழுத்துப் போடுவேன். மூன்று வருஷத்தில் என் கையெழுத்து நன்றாக அழகாகிவிட்டது.

எங்கள் மண்டபத்தில் மறுமுனையை யார் பிடித்தார்கள் என்று எனக்குத் தெரியும். நான் அங்கேதான் நின்றேன். மேனேஜர் கோபி பிடித்தான். மதுரைவீரன் இந்தப் பக்கம் நின்று டேப்பில் என்ன தெரிந்ததோ அதை எழுதிக்கொண்டார். டைனிங் ஹால் பக்கம் போனபோது கோபி, "சார், அது ஷெட்டு" என்றான். அவர் எழுதினார். மேல்மாடி அறைகள் குடியிருப்பு ஆயின. கார் நிறுத்துமிடம் காலி மனை ஆயிற்று. பிறகு இலை போட்டுச் சாப்பாடு. அவரைக் குறை சொல்ல மனம் வரவில்லை, ஜீனத். ஏழு வார்டுக்கு ஒரே ஆள். ஏதாவது கேட்டால் அடுத்த வாரம் எந்த ஊரில் இருப்பாரோ.

நீ எழுதியதை மாமனாரிடம் நேரடியாகச் சொல்லவில்லை. சாக்கடைத் திட்டத்தைப் பற்றிச் சும்மா கேட்பதுபோல் கேட்டேன். பேப்பரை மடித்து வைத்துவிட்டுச் சிரித்தார்.

"வரட்டுமேம்மா, யாரு வேணான்னா? ஆனா ஒண்ணு யோசி. காலையில நம்ம ஊட்டாண்ட எத்தினி பேரு வந்து நிக்கிறாங்கோ? லாரி அனுப்புங்கோ, அடைப்பு எடுக்க ஆள் அனுப்புங்கோன்னு. குழாயப் போட்டுட்டா அந்த ஜனம் எதுக்கு இந்தப் பக்கம் வரும்? நான் செத்தாக்கூட வராது."

அவரைக் கெட்டவர் என்று நினைத்துவிடாதே. பஞ்சாயத்துத் தலைவராக இருந்த காலத்தில் எத்தனை பிணங்களுக்குச் சொந்தக் காசில் பாடை கட்டியிருக்கிறார் தெரியுமா? கேட்டால் கொடுப்பார். கேட்காமலேயே ஒருவனுக்கு ஒன்று கிடைக்க வேண்டும் என்பதுதான் அவருக்குப் புரிவதில்லை.

மன்றத்தில் கேட்கச் சொல்கிறாய். பார்க்கிறேன். இப்போதைக்கு என்னால் முடிந்ததைச் செய்துவிட்டேன். உங்கள் தெருவுக்கு நாளையிலிருந்து தினமும் தண்ணீர் லாரி வரும். இவரிடம் நானே சொல்லி வாங்கியது. அந்தப் போர் தண்ணீரைத் தொடாதே. நீ யாரிடமும் போய்க் கேட்க வேண்டியதில்லை.

சைமா நெற்றியைத் தடவி நான் கேட்டதாகச் சொல்.

அன்போடு
எழில்


பழைய சந்தைத் தெரு
16 பிப்ரவரி 2025

எழில்,

சைமா எழுந்துவிட்டாள். கண்ணில் மஞ்சள் இறங்கிவிட்டது. அதற்கு உன் கீழாநெல்லி காரணமா, லாரித் தண்ணீர் காரணமா என்று வீட்டில் பட்டிமன்றம் நடக்கிறது. எதுவானாலும் உன் பெயர்தான் வருகிறது.

லாரி வருகிறது. எப்படி வருகிறது என்று சொல்கிறேன், கேள். முதல் நாளே டிரைவர் தெரு முனையில் நிறுத்தி, "ஜீனத்தக்கா ஊடு எது?" என்று சத்தமாகக் கேட்டான். நேராக என் வாசலில் கொண்டுவந்து நிறுத்தினான். நான் முதலில் பிடித்த பிறகுதான் மற்றவர்களுக்குக் குழாயைத் திறக்கிறான். வேண்டாம் என்றாலும் கேட்பதில்லை. "எங்களுக்குச் சொன்னது அதாங்கா" என்கிறான். எதிர்வீட்டு அப்துல் ரசாக் பாய் குடத்தோடு நின்றுகொண்டு, "இன்னா ஜீனத்து, நம்ம தெருவுக்கு நீயும் ஒரு கவுன்சிலராயிட்டியா? நாளைக்கு லேட்டா வந்தா தண்ணி உண்டா, இல்ல மனு எழுதிக் குடுக்கணுமா?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

இதையும் சொல்லிவிடுகிறேன். இரண்டு நாள் எனக்கு அது பிடித்திருந்தது. மூன்றாவது வீட்டு மருமகள் வந்து, "லாரிக்காரன்கிட்ட கொஞ்சம் சொல்லுங்கக்கா, எங்க பக்கமும் நிக்கட்டும்" என்று கெஞ்சினாள். நான் ஏதோ பெரிய மனுஷிபோல், "சொல்றேம்மா" என்றேன். உள்ளே வந்து கண்ணாடியில் முகத்தைப் பார்த்தேன். உன் மாமனார் பேப்பரை மடித்துவிட்டுச் சிரித்தது இப்படித்தான் இருந்திருக்கும் என்று தோன்றியது.

அதைவிட மோசமானது இன்னொன்று. அரையாண்டு வரி கட்டலாம் என்று ஆபீஸ் கம்ப்யூட்டரில் என் வீட்டைத் திறந்து பார்த்தேன். மாடியைக் காணவில்லை, எழில். தரைத்தளம் மட்டும் இருக்கிறது. சுவரோடு ஒட்டிப் பிடித்து நான் அளந்து கொடுத்த அந்த அறை, சைமா உட்கார்ந்து படிக்கிற அறை, நகராட்சியைப் பொறுத்தவரை இல்லை. அமீருதீனிடம் சொன்னால், "மாஷா அல்லாஹ், நல்லவங்க சிநேகிதம்னா இப்படித்தான் இருக்கணும்" என்கிறார். தன் மெத்தைக் கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிவிடுவாரோ என்று எனக்குப் பயம்.

இது பரந்தாமன் அண்ணன் வேலையா? என் வாயை அடைக்கவா? மண்டபத்தின் டைனிங் ஹால் ஷெட் ஆனது, என் மாடி ஆகாயம் ஆகிவிட்டது. இனி நான் எந்த முகத்தோடு உன்னிடம் மண்டபங்களை அளக்கச் சொல்வேன்? என் மாடியைத் திரும்பச் சேர்க்கச் சொல்லி மனு கொடுக்கப் போகிறேன்.

நான் உன்னிடம் லாரி கேட்கவில்லை. மாடியை மறைக்கச் சொல்லியும் கேட்கவில்லை. ஒரு கேள்வி கேட்கச் சொன்னேன், அவ்வளவுதான்.

ஜீனத்

பின்குறிப்பு: நோன்பு வரப்போகிறது. நோன்பு வாயோடு யாரையும் திட்டக் கூடாது என்பதால் இப்போதே எழுதிவிட்டேன்.


வேம்புலி மஹால் பின்புறம்
6 மார்ச் 2025

ஜீனத்,

நீ அனுப்பிய நோன்புக் கஞ்சி வந்தது. கோபத்தில் இருப்பவள் கஞ்சி அனுப்புவாளா என்று தூக்குவாளியைத் திறக்கும்போதே மனசு கரைந்துவிட்டது. பேபி, "கஞ்சி தனி, கோவம் தனின்னு சொல்லச் சொன்னாங்க" என்றாள். சரி.

உன் மாடியை எடுக்கச் சொன்னது இவர் இல்லை. நான்தான். மதுரைவீரன் ஏதோ கையெழுத்துக்கு வந்தபோது, என் சிநேகிதி வீட்டுக்கு ஏதாவது குறைத்துக் கொடுக்க முடியுமா என்று கேட்டேன். கவுன்சிலராகி நானாக, இவர் மூலமாக இல்லாமல், ஒருவரிடம் ஒன்று சொல்லி அது நடந்தது அது ஒன்றுதான். எவ்வளவு சந்தோஷமாக இருந்தது தெரியுமா? உனக்குத் தெரிந்ததும் சந்தோஷமாக எழுதுவாய் என்று காத்திருந்தேன். கொடுப்பது என்றால் இந்த வீட்டில் எனக்குத் தெரிந்த வழி அதுதான்.

இப்போது மன்றக் கூட்டத்தைச் சொல்கிறேன். நேற்று நடந்தது.

பார்வையாளர் பெஞ்சில் இவர் உட்கார்ந்திருப்பார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தால் நான் கை தூக்க வேண்டும். துடைக்காவிட்டால் தூக்கக் கூடாது. உன்னிடம் சொல்ல வெட்கமாக இருக்கிறது, மூன்று வருஷமாக அப்படித்தான். எனக்கு மட்டும் இல்லை. பெண்கள் வரிசையில் முக்கால்வாசிப் பேருக்கு அந்த பெஞ்சில் ஒரு ஆள் உண்டு. ஒருத்தி வீட்டுக்காரர் இருமுவார். போன கூட்டத்தில் அவருக்கு நிஜமாகவே சளி. அந்தம்மா எல்லாத் தீர்மானத்துக்கும் கை தூக்கிக்கொண்டே இருந்தாள்.

நேற்று நான் எழுந்து கேட்டேன், ஜீனத். நீ எழுதிக் கொடுத்ததைப் போலவே கேட்டேன். "பெரிய கட்டடங்களை மார்ச்சுக்குள் அளப்பீர்களா?" என்றேன். என் குரல் எனக்கே வேறு யாருடையதோ மாதிரி இருந்தது. சண்டை வரும் என்று நினைத்தேன். சேர்மன் புன்சிரிப்போடு, "நல்ல யோசனை. உறுப்பினர் அவர்களுக்குப் பாராட்டு" என்றார். எல்லோரும் மேசையைத் தட்டினார்கள். எதிர்க்கட்சிக்காரர்கள்கூடத் தட்டினார்கள். மண்டபங்களை அளக்க ஒருமனதாகத் தீர்மானம். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

அடுத்த பொருளை வாசித்தார்கள். காலியாக இருக்கும் பில் கலெக்டர் இடங்களை நிரப்பக் கேட்பது, அளப்பதற்கு வெளியாட்களை அமர்த்துவது. "நிதி நிலை சரியில்லாத காரணத்தால் ஒத்திவைக்கப்படுகிறது. இருக்கும் பணியாளரைக் கொண்டு, கட்டட உரிமையாளர்களின் ஒத்துழைப்போடு அளவு நடைபெறும்." இவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். வாசித்து முடித்த பிறகுதான் என் கை மேலே இருப்பதைப் பார்த்தேன்.

வரி வசூலிக்க ஆள் வைக்கக் காசில்லை என்று நானே கை தூக்கியிருக்கிறேன். வெளியே வந்ததும் சேர்மன் இவர் தோளில் தட்டி, "உன் ஊட்டம்மா நல்லாப் பேசுதுப்பா, பேசட்டும்" என்றார். அவர் திட்டியிருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது.

சைமா பரீட்சைக்குப் போகும்போது இங்கே பிள்ளையாருக்கு ஒரு தேங்காய் உடைத்தேன். உன் வீட்டில் சொல்ல வேண்டாம்.

எழில்


பழைய சந்தைத் தெரு
10 மார்ச் 2025

அன்புள்ள எழில்,

தேங்காயைச் சைமாவிடம் சொல்லிவிட்டேன். "கணக்குப் பரீட்சைக்கு ரெண்டா உடைக்கச் சொல்லும்மா" என்கிறாள்.

உன் கடிதத்தைப் படித்துவிட்டு மாடிப்படியில் ஏறி இறங்கிக்கொண்டே இருந்தேன். ஒரு இடத்தில் நிற்க முடியவில்லை. நீ எழுந்து கேட்டாய் என்பதை நினைத்தால் உன்னைக் கட்டிக்கொள்ளத் தோன்றுகிறது. அந்தக் கை மேலே போனதை நினைத்தால் உன்னைப் பிடித்து உலுக்கத் தோன்றுகிறது. அவர்கள் எவ்வளவு கெட்டிக்காரர்கள் பார். அளக்கக் கூடாது என்று ஒருவரும் சொல்லவில்லை. அளக்க ஒரே ஆள் என்றார்கள், முடிந்தது. ஆபீசில் இத்தனை வருஷமாக வரிக் கணக்கு பார்க்கிறேன். சட்டத்தில் ஓட்டை தேடுகிறவர்களைத்தான் பார்த்திருக்கிறேன். சட்டத்தை அப்படியே வைத்துவிட்டு அதைப் பிடிக்கிற கையை எடுத்துவிடலாம் என்பது இப்போதுதான் தெரிகிறது.

மதுரைவீரனை வழியில் நிறுத்திக் கேட்டேன். மறுமுனையை நான் வந்து பிடிக்கட்டுமா என்றேன். பதறிவிட்டார். "ஐயையோ, வெளியாளு புடிக்கக் கூடாது மேடம். ஊட்டுக்காரங்க, இல்ல அவுங்க சொல்ற ஆளு. அதுவும் இல்லன்னா அந்த வார்டு மெம்பரு" என்றார். சொல்லிவிட்டு என்னை ஒரு மாதிரி பார்த்தார். நான் நினைத்ததை அவரும் நினைத்துவிட்டார் போலிருக்கிறது.

நீ வீட்டுக்காரியும்தான், வார்டு மெம்பரும்தான். உங்கள் மண்டபத்தில் அந்த முனையைப் பிடிக்க உன்னைவிடத் தகுதியான ஆள் இந்த ஊரில் இல்லை.

போய்ப் பிடி, எழில். சுவரோடு ஒட்டிப் பிடி. முடியாது என்றால் முடியாது என்று எழுதிவிடு. ஆனால் அதற்குப் பதிலாக எனக்கு வேறு எதையும் கொடுத்து அனுப்பாதே.

ஜீனத்


வேம்புலி மஹால் பின்புறம்
27 மார்ச் 2025

ஜீனத்,

பிடித்தேன்.

முகூர்த்தம் இல்லாத நாள் பார்த்து மதுரைவீரன் வந்தார். கோபி வழக்கம்போல் டேப்புக்குக் கையை நீட்டினான். "கோபி, நீ போய் சாருக்கு மோர் கொண்டு வா" என்று சொல்லிவிட்டு நான் வாங்கிக்கொண்டேன். அவன் சிரித்தான். நான் விளையாடுகிறேன் என்று நினைத்திருப்பான். மேடையிலிருந்து கடைசித் தூண் வரைக்கும் நடந்துபோய்ச் சுவரில் முனையை வைத்து அழுத்தினேன். திரும்பிப் பார்த்தால் மதுரைவீரன் அந்தக் கோடியில் சின்னதாகத் தெரிகிறார். எங்கள் மண்டபம் இவ்வளவு பெரியது என்று அப்போதுதான் எனக்கே தெரிந்தது.

டைனிங் ஹாலுக்குப் போனோம். "இது ஷெட்டுங்களா மேடம்?" என்று கேட்டார். கேள்வியா, கெஞ்சலா தெரியவில்லை. "இதுல மாசம் எத்தனை பந்தி நடக்குதுன்னு உங்களுக்குத் தெரியாதா? நீங்களே சாப்பிட்டிருக்கீங்க. டைனிங் ஹால்னு எழுதுங்க" என்றேன்.

அதற்குள் மாமனாருக்கு யாரோ சொல்லிவிட்டார்கள். வந்து ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். நான் முனையைச் சுவரிலிருந்து எடுக்கவில்லை.

"ஏம்மா, கோபி இல்லியா? உனக்குக் கை வலிக்கப் போவுது" என்றார்.

"பரவால்ல மாமா."

டேப்பை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை பார்த்தார். "தொங்குது பாரு. இழுத்துப் புடி. தொங்குனா கூடக் காட்டும்" என்றார். அவ்வளவுதான். எழுந்து போய்விட்டார். அதற்கப்புறம் இன்றுவரை என்னோடு பேசவில்லை. சாப்பாட்டுத் தட்டை நான் வைத்தால் எடுப்பதில்லை. பேபி வைத்தால் சாப்பிடுகிறார்.

சேர்மன் இவரைக் கூப்பிட்டு, "இன்னா பரந்தாமா, உன் ஊட்டம்மா டேப்பு புடிக்குதாமே" என்று சிரித்தாராம். இவர் உள்ளே வந்து என் போனை மேசைமேல் வைத்தார். "இந்தா, கவுன்சிலர் போனு. இனிமே நீயே பேசு" என்றார். மூன்று வருஷத்துக்குப் பிறகு அதைக் கையில் எடுத்தால் கண்ணாடி முழுக்க அவர் கைரேகை.

இப்போது அது அடித்துக்கொண்டே இருக்கிறது. "லாரி ஏன் வர்லக்கா?" என்று கேட்கிறார்கள். லாரி இவருடைய கூட்டாளியுடையது. இனி வராது. எடுத்து, "வராதுங்க" என்கிறேன். "அப்ப நாங்க இன்னா பண்றது?" என்று கேட்கிறார்கள். ஆனாலும் அடுத்த போனையும் எடுக்கிறேன்.

உன் தெருவுக்கும் அதனால்தான் வரவில்லை. என்னால்தான்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். மற்றப் பத்து மண்டபங்களிலும் அவர்கள் ஆட்கள்தான் மறுமுனையைப் பிடித்தார்கள். ஒரு மண்டபம் போன தடவையைவிடச் சின்னதாகிவிட்டதாம். உண்மையாக அளந்தது எங்களுடையது ஒன்றுதான். அது போதாது. திட்டம் வேறு ஊருக்குப் போகிறது என்று பேசிக்கொள்கிறார்கள். குழாய் வராது, ஜீனத், இந்த வருஷம் வராது. மறுபடி கேட்கலாம் என்று நகராட்சி இன்ஜினீயர் சொல்கிறார். அடுத்த கூட்டத்தில் கேட்பேன். காலி இடங்களை நிரப்பவும் கேட்பேன். பெஞ்சைப் பார்க்காமல் உட்கார முடிகிறதா என்று பார்க்க வேண்டும்.

மதுரைவீரன் கிளம்பும்போது, உன் மாடியைப் பற்றிக் கேட்டேன். மனு கொடுத்தாளா என்றேன். "அப்படி எந்த மனுவும் வர்லியே மேடம்" என்றார்.

குத்திக்காட்டுவதற்காக எழுதவில்லை. இல்லை, அதற்காகத்தான் எழுதுகிறேன். உன்னிடம் கற்றுக்கொண்டதுதான்.

பெருநாள் வாழ்த்துகள். சைமாவுக்குப் புது உடுப்பு எடுத்தாயா?

எழில்


பழைய சந்தைத் தெரு
4 ஏப்ரல் 2025

எழில்,

பெருநாள் பிரியாணி உனக்கு வரவில்லை. இத்தனை வருஷத்தில் இதுதான் முதல் தடவை. கட்டிவைத்த டப்பாவைப் பேபி இரண்டு முறை எடுத்தாள், இரண்டு முறையும் நான் வாங்கி வைத்துவிட்டேன். உன் கடிதத்துக்குப் பதில் இல்லாமல் பிரியாணியை மட்டும் அனுப்பினால், அதுவும் அந்த லாரி மாதிரி ஆகிவிடும் என்று தோன்றியது.

மனு எழுதவில்லை. அமீருதீன் தடுத்தார் என்று சொல்லிக்கொள்ளலாம், அவர் தடுக்கவும் செய்தார். ஆனால் அது காரணம் இல்லை. ஒவ்வொரு நாளும் உட்காருவேன். முதலில் அந்தப் பதினோரு மண்டபத்தையும் அளக்கட்டும், அப்புறம் என் ஒற்றை அறையைப் பார்க்கலாம் என்று ஒரு நினைப்பு வரும். எழுந்துவிடுவேன். ஆபீசுக்கு வருகிறவர்கள் எல்லோரும் எங்கள் ஆடிட்டரிடம் சொல்வது அதுதான், எழில். ஊரில் பெரியவன் கட்டட்டும், நான் அப்புறம் கட்டுகிறேன். இருபது வருஷமாக அதைக் கேட்டுக் கேட்டு மனசுக்குள் சிரித்திருக்கிறேன். உன் மாமனாரின் நாற்காலி என் வீட்டிலும் ஒன்று கிடக்கிறது போல.

லாரி நின்றதிலிருந்து தெருவில் என்னோடு யாரும் சரியாகப் பேசுவதில்லை. நான் ஏதோ செய்து நிறுத்திவிட்டேன் என்கிறார்கள். ஒரு வகையில் அது உண்மையும்தான். அப்துல் ரசாக் பாய் மட்டும் நேற்று வாசலில் நின்று, "உன் சிநேகிதிக்குப் போன் போட்டேன். அந்தம்மாவே எடுத்துச்சு. தண்ணி கெடையாதுன்னு மூஞ்சிக்கு நேரா சொல்லிச்சு. ஆனா அடுத்த கூட்டம் எப்போன்னு கேட்டா தேதி சொல்லிச்சு, வந்து பெஞ்சுல உக்காருங்கன்னிச்சு. நாங்க நாலு பேரு போறோம்" என்றார். பெஞ்சில் உனக்குப் பார்க்க வேறு முகங்கள் இருக்கும்.

நானும் உன் நம்பருக்குக் கூப்பிட்டேன். "யாருங்க?" என்றாய். இத்தனை மாதம் கேட்க நினைத்த குரல். போனை வைத்துவிட்டேன். பொங்கல் வாழ்த்துகூடச் சொல்ல முடியாதே, ஏப்ரல் ஆகிவிட்டது.

மனுவைக் கொடுத்துவிட்டேன். மதுரைவீரன் ஞாயிற்றுக்கிழமை காலையில் மாடியை அளக்க வருகிறார். மறுமுனையைப் பிடிக்க அமீருதீன் மாட்டேன் என்கிறார், "நீயே ஆளப் பாத்துக்கோ" என்று கடைக்குப் போய்விடுவார். வீட்டுக்காரி நானே பிடித்தால் போதும் என்கிறார் மதுரைவீரன். எனக்குப் போதவில்லை.

வார்டு மெம்பர் பிடிக்கலாம் என்று அவர்தான் சொன்னார். பிரியாணி இல்லை, சேமியா இருக்கிறது. பேபியிடம் பதில் கொடுத்து அனுப்ப வேண்டாம். கீழே நின்று கூப்பிடு, நான் மாடியில்தான் இருப்பேன்.

ஜீனத்